வீட்டுக் காரியாலயத்திற்கு ஒரு பல்பணி அச்சுப்பொறி

கிராமத்தில் பயிர் செய்து வாழும் குடியானவருக்கு நிலம், நீர், விதை, உரம் ஆகிய நான்கும் இன்றியமையாதவை என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்நாளில் ஐந்தாவதாக ஒன்றும் இவற்றோடு சேர்ந்துவிட்டது. அதுவே காகிதம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டாலும், பயிர்க் காப்பீட்டில் சேர்ந்தாலும், சொட்டு நீர்ப் பாசனத்திற்கு மானியம் வேண்டினாலும், சிட்டா, அடங்கல், ஆதார் அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் முதலியவற்றின் நகல்களை இணைத்தே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நகல் ஒன்று குறைந்தால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. அது மீண்டும் போய்ச் சேருவதற்குள் கடைசித் தேதி கடந்துவிடுவதும் உண்டு.

ஊராட்சி உறுப்பினர்களின் நிலையும் இதுவே. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டிலிருந்து ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்குக் குறிக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொரு கூட்டத்திற்கும் அறிவிப்பு வேண்டும். பொருள் நிரல் வேண்டும். பேசப்படும் கணக்கின் படிகள் வேண்டும். இவையன்றி, முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாற்றத்திற்கும் மனு எழுதித் தரும்படி உறுப்பினரின் வீட்டுத் திண்ணைக்கு வருவோரும் பலர். ஒரே ஒரு பக்க நகலுக்காகப் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறிச் சென்று, கடை பூட்டியிருக்கக் கண்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் நம்மில் பலர் இருப்பர்.

இக்குறையைப் போக்கிக்கொள்ளச் சிலர் தம் வீட்டில் ஓர் அறையை, அல்லது அறையின் ஒரு மூலையைக் காரியாலயமாக அமைத்து, அங்கே பல்பணி அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வைக்கின்றனர். கடைக்காரர்கள் இதனை ‘ஆல் இன் ஒன் பிரிண்டர்’ என்பர். வாங்கியவர்களில் சிலர் நல்ல பயன் பெறுகின்றனர். வேறு சிலரோ ஆறே மாதத்தில் பொறியைத் துணியால் மூடிவிட்டுப் பழையபடி பேருந்து ஏறுகின்றனர். வாங்குமுன் கணக்குப் பார்த்தாரா, வாங்கியபின் முறையறிந்து கையாண்டாரா என்பதைப் பொறுத்தே இலாபமும் நஷ்டமும் அமைகின்றன. இவ்விரண்டையும் இங்கே ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

பொறியின் தொழில்கள்

ஒரு காலத்தில் நகல் என்றால் கையால் எழுதுவதே. அமெரிக்காவில் காப்புரிமை அலுவலில் வேலை பார்த்த செஸ்டர் கார்ல்சன் என்பவர், அவ்வேலையின் சிரமத்தைத் தாமே அனுபவித்து அறிந்தவர். அவர் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில், ஈரமான மருந்து எதுவுமின்றி, மின்னூட்டத்தையும் உலர்ந்த தூளையும் கொண்டு எழுத்தைப் படியெடுத்துக் காட்டினார். அம்முறையில் அமைந்த ஜெராக்ஸ் 914 என்னும் பொறி 1959-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதன் எடை ஏறக்குறைய 290 கிலோ. அந்நிறுவனத்தின் பெயரே நம் ஊர்களில் நகலுக்குப் பெயராகிவிட்டது. இன்று நகலெடுக்கும் பொறி ஒருவர் கையால் தூக்கி வைக்கக்கூடிய அளவினதாய் மேசைமேல் அடங்குகிறது.

பல்பணிப் பொறியில் இரண்டு பகுதிகள் உண்டு. மேலே மூடியும், அதன்கீழ்க் கண்ணாடியும், கண்ணாடிக்கு அடியில் ஒளியைப் பாய்ச்சி எழுத்தைப் படிக்கும் பட்டையும் உள்ளன. இது படிக்கும் பகுதி. கீழே தாள் தட்டும், மையும், உருளைகளும் உள்ளன. இது எழுதும் பகுதி. கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வரும் எழுத்தைத் தாளில் பதிப்பது அச்சிடல். கண்ணாடிமேல் வைத்த தாளைப் படித்துக் கணினிக்கு அனுப்புவது வருடல். இதனையே ஸ்கேன் என்கிறோம். படித்ததை உடனே தாளில் எழுதித் தருவது நகலெடுத்தல். சில பொறிகளில் தொலைநகல் வசதியும் இருக்கிறது. கிராமத்து வீட்டில் அதற்குப் பெரும்பாலும் வேலை இராது. ஆதலின் அதன்பொருட்டு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றுள் அச்சிடலும் நகலெடுத்தலும் ஒவ்வொரு பக்கத்திற்கும் மையையும் தாளையும் தின்பவை. வருடலுக்கோ மையும் இல்லை, தாளும் இல்லை. சிறிது மின்சாரமே செலவு. பொறி வாங்குவோரில் பெரும்பாலோர் அச்சிடுவதையே எண்ணி வாங்குகின்றனர். ஆனால் ஒரு விவசாயக் குடும்பத்திற்கு இப்பொறி செய்யக்கூடிய பேருதவி வருடலில்தான் இருக்கிறது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

எந்த வகைப் பொறி?

கடையில் மூன்று வகைப் பொறிகளைக் காட்டுவர். முதலாவது, சிறு மைப்பெட்டிகளைச் செருகும் திரவ மைப் பொறி. இதன் விலை குறைவு. மைப்பெட்டியின் விலையோ, அது தரும் பக்கங்களை நோக்க, மிக அதிகம். இரண்டாவது, புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் தொட்டி உள்ள பொறி. இதன் விலை கூடுதல். பக்கத்திற்கு ஆகும் மைச்செலவு மிகக் குறைவு. மூன்றாவது, மைத்தூளை உபயோகிக்கும் லேசர் பொறி.

திரவ மைப் பொறி, கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகளின் வழியே மைத்துளிகளைத் தாளின்மேல் தெளிக்கிறது. பல நாள் உபயோகிக்காமல் விட்டால் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். சில மைகள் நீர்பட்டால் கரையும். வெயிலில் நிறம் மங்கும். லேசர் பொறியின் மைத்தூளோ பெரும்பகுதி பிளாஸ்டிக்கால் ஆனது. அது ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆதலின் நீர் தெளித்தாலும் எழுத்து கரைவதில்லை. மாதக்கணக்கில் உபயோகிக்காவிட்டாலும் தூள் உலர்ந்து கெடுவதில்லை. மழைச்சாரல் படும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டியவற்றிற்கு லேசர் அச்சே ஏற்றது. வண்ணம் வேண்டுவோர்க்கும், அடிக்கடி அச்சிடுவோர்க்கும் தொட்டிப் பொறி ஏற்றது. எப்போதோ ஒருமுறை கறுப்பு எழுத்து மட்டும் வேண்டுவோர்க்கு லேசர் பொறி சிரமம் தராது.

எந்த வகையாயினும், வாங்குமுன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “மை தீர்ந்துவிட்டால் வருடல் மட்டும் நடக்குமா?” என்பதே அது. சில பொறிகள் மை தீர்ந்தவுடன் எல்லா வேலைகளையும் நிறுத்திக்கொள்ளும். அத்தகையதைத் தவிர்ப்பது நலம்.

வாங்குமுன் ஒரு கணக்கு

பொறியின் விலையை மட்டும் பார்ப்பது, மாட்டின் விலையைப் பார்த்துத் தீவனச் செலவை மறப்பதை ஒக்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இங்கே கொடுக்கும் விலைகள் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை. தங்கள் ஊர் விலையை இட்டு வாசகர்கள் திருத்திக்கொள்ளலாம்.

தொட்டிப் பொறியின் விலை 15,000 ரூபாய், அது உழைக்கும் காலம் 5 ஆண்டு என்று கொள்வோம். அப்படியானால் மாதத்திற்குப் பொறியின் பங்கு 250 ரூபாய். 500 தாள் கொண்ட கட்டு 275 ரூபாய் என்றால், தாள் ஒன்றுக்கு 55 காசு. 400 ரூபாய்ப் புட்டி மை 4,000 பக்கம் தரும் என்றால், பக்கத்திற்கு மை 10 காசு. ஆக, தாளும் மையும் சேர்ந்து 65 காசு.

மாதம் 50 பக்கம் மட்டும் எடுப்பவர்க்குப் பொறியின் பங்கு பக்கத்திற்கு 5 ரூபாய். மொத்தச் செலவு 5 ரூபாய் 65 காசு. மாதம் 250 பக்கம் எடுப்பவர்க்கோ பொறியின் பங்கு 1 ரூபாயாகக் குறைந்து, மொத்தம் 1 ரூபாய் 65 காசு ஆகிறது. கடையில் பக்கத்திற்கு 2 ரூபாய் என்றால், மாதம் ஏறக்குறைய 185 பக்கம் எடுத்தால்தான் சொந்தப் பொறி கட்டுபடியாகும்.

ஆனால் கடை வீட்டு வாசலில் இல்லை. போய்வரப் பேருந்துக் கட்டணம் 30 ரூபாய், ஒரு நடைக்கு 10 பக்கம் என்று கொண்டால், கடை நகலின் உண்மைச் செலவு பக்கத்திற்கு 5 ரூபாய். அப்போது மாதம் 58 பக்கமே போதும். இழந்த வேலை நேரத்தையும் சேர்த்தால் இவ்வெண் இன்னும் குறையும்.

மைப்பெட்டிப் பொறியைக் கவனிப்போம். 900 ரூபாய்ப் பெட்டி 180 பக்கம் தரும் என்றால், மைக்கு மட்டும் பக்கத்திற்கு 5 ரூபாய். மலிவாக வாங்கிய பொறி இவ்வாறே பின்னால் செலவு வைக்கிறது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பக்கக் கணக்கும், சில வரிகள் மட்டும் உள்ள பக்கத்தைக் கருதிச் சொல்லப்படுவது. பொதுவாக, தாளின் பரப்பில் 100-க்கு 5 பங்கே மையால் மூடப்படும் என்று கொள்வர். முழுப்பக்கப் புகைப்படமோ, கரிய பின்னணியுள்ள சுவரொட்டியோ அச்சிட்டால் அக்கணக்கு பொய்த்துப்போகும்.

இக்கணக்கின்படி தனி ஒருவர்க்குக் கட்டுபடியாகாதெனில், நாலைந்து குடும்பத்தார் கூடியோ, மகளிர் சுய உதவிக் குழுவினர் சேர்ந்தோ ஒரு பொறியை வாங்கி, பக்கத்திற்கு இவ்வளவு என்று வசூலித்துக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய பொறியை வாங்குவோர், அது இதுவரை எத்தனை பக்கம் அச்சிட்டுள்ளது என்னும் எண்ணிக்கையைப் பொறியிலிருந்தே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அவ்வெண்ணிக்கை பெரும்பாலான பொறிகளில் தானே பதிவாகிறது. கூட்டாக வாங்கியவர்கள் மாதக் கடைசியில் அதனைக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் சச்சரவுக்கு இடம் இராது.

முதல் வேலை: பெட்டியில் உள்ள பத்திரங்கள்

பொறி வீட்டிற்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது எது? குடும்பத்தின் தகரப் பெட்டியைத் திறப்பதே. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம், பட்டா, வரி ரசீதுகள், பிறப்பு இறப்புச் சான்றுகள், பள்ளிச் சான்றுகள் ஆகியவை பல வீடுகளில் ஒரே பெட்டியில், ஒரே பிரதியாக இருக்கின்றன. கறையானும் மழையும் தீயும் அவற்றை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் எண்ணற்ற குடும்பங்கள் தம் ஆவணங்களை இழந்தன. அவற்றிற்கு மாற்றுப் பிரதி வழங்கச் சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியதாயிற்று. பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம் என்பது உண்மைதான். அதற்குப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் தெரிந்திருந்தால் வேலை எளிது. தாள் போனபின் அவ்வெண்ணை எங்கே தேடுவது? வருடி வைத்த படம் ஒன்று இருந்தால், அவ்வெண் கையிலேயே இருக்கும்.

வருடும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:

பொறியின் மேற்புறத்தில் தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் தட்டு இருந்தாலும், பழைய பத்திரங்களை அதில் இடலாகாது. உருளைகளின் இழுப்பில் மடிப்பு விழுந்த தாள் கிழிந்துவிடும். கம்பி ஊசிகளை மெதுவாக நீக்கி, தாளைக் கண்ணாடியின்மேல் வைத்தே வருட வேண்டும்.

முத்திரைத்தாள்கள் ஏ4 தாளைவிட நீளமானவை. வீட்டுப் பொறிகளில் பெரும்பாலானவற்றின் கண்ணாடியோ ஏ4 அளவினதே. ஆகையால் நீண்ட பக்கத்தை இரண்டு பாதிகளாக எடுக்க வேண்டும்; நடுவில் நான்கைந்து வரிகள் இரண்டிலும் வருமாறு பார்த்துக்கொண்டால் எழுத்து விடுபடாது.

பத்திரத்தின் பின்பக்கத்தை மறக்கலாகாது. பழைய பத்திரங்களில் பதிவு அலுவலரின் குறிப்பும், எண்ணும், முத்திரையும், கைரேகையும் பின்பக்கத்தில் இருப்பதுண்டு.

கறுப்பு வெள்ளை என்னும் முறையைத் தேர்ந்தால் மங்கிய எழுத்தும் வெளிறிய முத்திரையும் காணாமற் போகும். பழைய பத்திரங்களை வண்ணத்திலேயே வருட வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமாக வருடுவது என்பதை அங்குலத்திற்கு இத்தனை புள்ளி என்று கணக்கிடுவர். 300 புள்ளி என்று வைத்தால் ஏ4 பக்கம் ஒன்று 2,480-க்கு 3,508, அதாவது ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகளாகப் பதிவாகும். படிப்பதற்கும் மீண்டும் அச்சிடுவதற்கும் இது போதும். 600 என்று வைத்தால் புள்ளிகள் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். வேலையும் தாமதமாகும், இடமும் அடைக்கும். இணையவழி விண்ணப்பத்தில் சிறிய கோப்பே ஏற்கப்படுமாயின், அதற்கென 150 அல்லது 200 புள்ளியில் வேறொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

வருடிய கோப்பிற்குப் பொறி இடும் எண்ணையே பெயராக விட்டுவிட்டால், பின்னர்த் தேடிக் காண இயலாது. புல எண், ஆண்டு, பத்திர வகை என்னும் வரிசையில் பெயரிட வேண்டும். ‘112-2ஏ, 1987, கிரயம்’ என்பது போல் எழுதி வைத்தால், இருபது ஆண்டு கழித்து மகனோ மகளோ தேடினாலும் கிடைக்கும். கோப்புகளைக் கணினியில் ஒரு பிரதியும், வீட்டிற்கு வெளியே ஒரு பிரதியும் வைத்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும்.

உடனே படியெடுக்க வேண்டிய மற்றொரு வகைக் காகிதம் உண்டு. உரக்கடை விற்பனைப் பொறியிலிருந்தும், வங்கிப் பணப்பொறியிலிருந்தும் வழவழப்பான சிறு ரசீது வருகிறதன்றோ? அதில் மையே இல்லை. வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு ஒன்றே எழுத்தாகத் தெரிகிறது. சில மாதங்களில், வெயிலிலும் சட்டைப்பையின் வியர்வையிலும், அது வெற்றுத் தாளாகிவிடும். கடனோ மானியமோ பற்றிப் பிணக்கு எழும்போது வெற்றுத் தாளைக் காட்டிப் பயன் என்ன? ஆதலின் ரசீது கைக்கு வந்த வாரமே அதனை வருடிவிட வேண்டும். அத்தகைய ரசீதைச் சூடாக்கி பிளாஸ்டிக் உறை ஒட்டும் ‘லாமினேஷன்’ செய்தால் முழுதும் கறுத்துப்போகும். மூலப்பத்திரங்களுக்கும் லாமினேஷன் கூடாது. ஒட்டியதைப் பின்னர்ப் பிரிக்க முடியாது.

நகலின் மதிப்பும் எல்லையும்

நகல் நகலே, மூலமாகாது. வருடிய படம் காணாமற்போன பத்திரத்தின் விவரத்தைச் சொல்லும். பத்திரத்தின் இடத்தில் அமராது. எனவே படியெடுத்தபின் மூலத்தை அலட்சியமாகப் போட்டுவிடலாகாது. மத்திய அரசின் டிஜிலாக்கரில் அரசுத்துறையே நேராக வழங்கும் ஆவணம் மூலத்திற்கு ஒப்பாகக் கருதப்படுகிறது. நாமே வருடி அதில் ஏற்றி வைத்த படத்திற்கு அத்தகுதி இல்லை. இவ்வேற்றுமையை அறியாமல் ஏமாந்தவர்கள் உண்டு.

தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா விவரங்களை அரசின் நிலப்பதிவேட்டு இணையதளத்திலும், வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலும் வீட்டிலிருந்தே பார்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். ஆகவே பட்டாவின் பழைய நகலையே நகலெடுத்து நகலெடுத்து மங்கவிடுவதற்குப் பதிலாக, வேண்டும்போது புதிதாக அச்சிடுவதே சிறந்தது. அவ்வாறு செய்யும்போது, நம் பெயரிலும் பரப்பிலும் ஏதேனும் பிழை நேர்ந்திருக்கிறதா என்பதும் உடனே தெரியவரும்.

ரூபாய் நோட்டைப் போன்ற அச்சை விளையாட்டிற்காகவும் எடுக்கலாகாது. அது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின்படி குற்றமாக இருந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின்படியும் குற்றமே. நகலில் ஒரு தேதியை மறைத்தோ, எண்ணைத் திருத்தியோ மீண்டும் நகலெடுத்துத் தரும்படி எவரேனும் கேட்டால், அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும் மறுத்துவிட வேண்டும்.

தமிழ் எழுத்தும் தாளும்

ஓரிடத்தில் தட்டெழுதிய தமிழ் மனு, வேறொரு கணினியிலிருந்து அச்சிடும்போது பொருளற்ற குறிகளாக வருவதைப் பலர் கண்டிருப்பர். இது பொறியின் குற்றமன்று. பழைய எழுத்துரு முறைகளில் எழுதியதைப் படிக்க அதே எழுத்துரு மறு கணினியிலும் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்றது. ஆதலின் மனுக்களை ஒருங்குறியிலேயே எழுதுவதும், அச்சிட அனுப்புமுன் பி.டி.எப். கோப்பாக மாற்றுவதும் நலம். பி.டி.எப். கோப்பு எழுத்துருவையும் தன்னுள் கொண்டு செல்ல வல்லது.

ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297 மில்லிமீட்டர். பதினாறு தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆகவே 80 கிராம் தாள் என்று விற்பதில் ஒரு தாளின் எடை 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இருக்க வேண்டும். தாளின் தரத்தையும் எண்ணிக்கையையும் ஐயுறுவோர் தராசில் இட்டே பார்த்துவிடலாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-ஆம் ஆண்டில் அரசால் நிறுவப்பெற்றது. கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு அது காகிதம் செய்கிறது. நம் வயலில் விளைந்த கரும்பே அச்சுப்பொறியின் தட்டில் தாளாக வந்து அமரக்கூடும். அத்தாளின் இருபுறத்தையும் உபயோகிப்பது சிக்கனம்.

பராமரிப்பு

பொறியை வெயிலும் மழைச்சாரலும் படாத இடத்தில், சமமான மேசைமேல் வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் துணியால் மூடிவைத்தால் தூசியும் பல்லியும் எறும்பும் புகா. லேசர் பொறியாயின் சூடு தணிந்தபின் மூடுக.

திரவ மைப் பொறியில் வாரம் ஒருமுறையேனும் வண்ணம் கலந்த ஒரு பக்கத்தை அச்சிட வேண்டும். சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணைக்கலாகாது. பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் மைத்துளைகள் தம் மூடியின்கீழ்ச் சென்று அமரும். எழுத்து விட்டுவிட்டு வந்தால், துளைகளைத் தூய்மை செய்யும் கட்டளையை ஓரிரு முறை கொடுக்கலாம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் மைதான் வீணாகும்.

லேசர் பொறி தாளைச் சூடாக்கும்போது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரே வேளையில் இழுக்கும். விளக்கிற்கும் விசிறிக்கும் அமைத்த சிறு இன்வெர்ட்டரில் அதனை இணைக்கலாகாது. பிளாஸ்டிக் தாளையும் அதில் இடலாகாது. உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி வளையும். வளைந்த தாள் சிக்கும். கட்டைப் பிரித்தபின் மிச்சத் தாளை அதன் உறையிலேயே சுற்றி வைக்க வேண்டும். தட்டில் இடுமுன் தாள்களை விசிறிவிட்டு இட்டால் இரண்டு மூன்று சேர்ந்து போவது குறையும். தாள் சிக்கிவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, தாள் செல்லும் திசையிலேயே இரு கையாலும் மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் துணுக்கு உள்ளே தங்கி, அடுத்தடுத்துச் சிக்கும்.

நகலில் ஒரே இடத்தில் நீண்ட கோடு விழுமானால், தானே இழுக்கும் தட்டின் அருகிலுள்ள குறுகிய கண்ணாடிப் பட்டையில் அழுக்கு இருக்கிறது என்று அறிக. சிறிது ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

பிறர் காகிதமும் நம் பொறுப்பும்

ஊராட்சி உறுப்பினரின் வீட்டுப் பொறி ஊராரின் பொறியாகவும் ஆகிவிடுவது இயல்பு. அங்கேதான் பொறுப்பு மிகுகிறது. ஒருவர் நம் கையில் ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுக்கிறார் என்றால், தம் சேமிப்பின் சாவியையே நம்பிக் கொடுக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் மூடியைத் திறந்து கண்ணாடியைப் பார்ப்பதைப் பழக்கமாகக் கொள்ள வேண்டும். நகலை வாங்கிக்கொண்டு மூலத்தைக் கண்ணாடிமேலேயே மறந்து செல்வது எங்கும் நிகழ்கிறது. வீடு திரும்பிய முதியவர் பத்திரம் தொலைந்தது என்று இரவெல்லாம் உறங்காமல் இருப்பார். பத்திரமோ நம் பொறிக்குள் கிடக்கும்.

சரியாக வராத நகல்களைக் குப்பையிலோ பழைய தாள் கட்டிலோ போடலாகாது. பழைய தாள் எடைக்குப் போய், கடையில் பொட்டலம் மடிக்கப் பயன்படும். ஒருவரது ஆதார் எண்ணும் கையொப்பமும் சுண்டலைச் சுற்றிக்கொண்டு ஊர் முழுதும் போவது அடாது. அத்தகைய தாள்களைச் சிறு துண்டுகளாகக் கிழித்துவிடுக. பிறருக்காக வருடிய கோப்புகளையும், அவரிடம் ஒப்படைத்தபின் நம் கணினியிலிருந்தும் கைபேசியிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். கேட்கும் அலுவலகம் ஏற்குமாயின், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அச்சிட்டுத் தருவது பாதுகாப்பானது. நகலின்மேல், எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதையும் தேதியையும் எழுதிக் கையொப்பமிடச் செய்தால், அது வேறு காரியத்திற்கு உபயோகப்படுவது கடினமாகும்.

கம்பியில்லாத் தொடர்பால் இயங்கும் பொறிக்குத் தனிக் கடவுச்சொல் இட வேண்டும். பொறியை விற்கும்போதும் மாற்றும்போதும் அதிலுள்ள அமைப்புகளை அழித்துவிட்டே கொடுக்க வேண்டும். ஊராட்சி வேலைக்கு எடுத்த பக்கங்களையும் சொந்த வேலைக்கு எடுத்த பக்கங்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தனித்தனியே குறித்து வருவது உறுப்பினரின் நற்பெயரைக் காக்கும்.

வாசகர்கள் இப்பாடத்தை இந்த வாரமே செயலில் இட்டுப் பார்க்கலாம். சொந்தப் பொறி உள்ளவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தகரப் பெட்டியைத் திறந்து, முதலில் தாய்ப்பத்திரத்தை, முன்பக்கமும் பின்பக்கமுமாக, வண்ணத்தில் வருடி வைக்கட்டும். பொறி இல்லாதவர்கள், வைத்திருக்கும் அயலாரிடம் சொல்லி, தாளும் மையும் செலவாகாத அவ்வேலையை முடித்துக்கொள்ளட்டும். ஊராட்சி உறுப்பினர்கள் தங்கள் வார்டில் எத்தனை குடும்பங்களின் பத்திரங்கள் ஒரே பிரதியாகப் பெட்டியில் கிடக்கின்றன என்று விசாரித்து, அடுத்த கிராம சபைக்குமுன் அவர்களுக்கு உதவட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இவ்வேலை முடிந்துவிட்டால், பொறிக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கு அப்போதே திரும்பி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.